மூலை உதையும் முன்னேற்பாடும்
(தோட்டக் காற்பந்துக் குழுவினரிடையே ஆற்றிய உரை)



ஆட்டத்தில் தோற்ற குழுவினர் திடலைவிட்டு வெளியேறும்போது அவர்களிடையே எழும் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். “அவனை யார் பார்த்துக்கொண்டது?” என்று ஒருவர் கேட்பார். “நீ பார்ப்பாய் என்றுதானே நான் விட்டேன்” என்று மற்றவர் சொல்வார். இப்பேச்சு சில வேளைகளில் லயத்து வாசல்வரை தொடர்ந்து, அடுத்த ஆட்டத்திற்குப் பதினொருவர் சேராத நிலையையும் உண்டாக்கிவிடுகிறது. நல்ல குழுக்கள் கலைந்துபோவது ஆற்றல் இன்மையால் மட்டுமன்று. பொறுப்பு இன்னாருடையது என்று முன்கூட்டியே வகுக்காமையாலும் ஆகும். இக்குறை மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், நாம் ‘கார்னர்’ என்று வழங்கும் மூலை உதையே. ஆகவே, அதனை எவ்வாறு தடுப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஓடும் ஆட்டத்தில் பந்து எங்கே போகும் என்று எவராலும் முன்னறிந்து கூற இயலாது. மூலை உதையிலோ பந்து ஓர் இடத்தில் அசையாது நிற்கிறது. யார் எங்கே நிற்பது என்று எண்ணிப் பார்க்க நேரம் இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர் எவரும் இல்லாத எளிய குழுவும் பெயர்பெற்ற குழுவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய தருணம் இதுவேயாகும். காலையில் பெரட்டுக் களத்தில் அவரவர் நிரை குறிக்கப்படுகிறது. எவர் நிரையை எவர் வெட்டுவது என்ற குழப்பம் எழுவதில்லை. அந்த ஒழுங்கைத் திடலுக்கும் கொண்டு செல்வோமானால் பாதி வெற்றி கிட்டியதாகும்.

முதலில் விதிகளை அறிந்துகொள்வோம். தற்காப்புக் குழுவினர் மேல் கடைசியாகப் பட்ட பந்து, கோலுக்குள் செல்லாமல், கோல் கோட்டைக் கடந்து வெளியேறினால் மூலை உதை வழங்கப்படுகிறது. பந்தை 1 மீட்டர் அளவுள்ள மூலை வளைவுக்குள் வைக்க வேண்டும். எதிராளிகள் அவ்வளைவிலிருந்து 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். நேரே உதைத்து எதிர்க்குழுவின் கோலுக்குள் புகுத்தினாலும் அது கோலாகும். 1924ஆம் ஆண்டில் இவ்விதி ஏற்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜெண்டினாவின் ஒன்சாரி, அப்போதைய ஒலிம்பிக் வெற்றியாளரான உருகுவேக்கு எதிராக அவ்வாறு கோல் அடித்தார். அதனால் இத்தகைய கோலுக்கு ‘ஒலிம்பிக் கோல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மூலை உதையிலிருந்து நேராகப் பந்தைப் பெறுபவருக்கு ஆஃப்சைட் இல்லை. ஆனால், அடுத்து சக ஆட்டக்காரர் ஒருவர் பந்தை ஆடியதும் அவ்விதி மீண்டும் உயிர்பெறுகிறது. இதை மறவாதிருத்தல் இரு குழுவினருக்கும் நன்மை தரும்.

இனித் தற்காப்புக்கு வருவோம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இதனைக் கோல் காவலர் ஒருவரே காத்தல் அரிது. எஞ்சிய பத்துப் பேரையும் பின்வருமாறு நிறுத்தலாம்: முன் கம்பத்தின் அருகே ஒருவர், கோலை ஒட்டிய சிறு கட்டத்தின் கோட்டில், தலையால் முட்டுவதில் தேர்ந்த மூவர், எதிர்க்குழுவின் ஆபத்தான மூவரைப் பற்றிக்கொள்ள மூவர், உதைப்பவர் பந்தைப் பக்கத்திலுள்ளவரிடம் கொடுத்து ஏமாற்றாதபடி, 9.15 மீட்டர் தொலைவில் ஒருவர், பெரிய கட்டத்தின் விளிம்பில் ஒருவர், நடுத்திடலில் ஒருவர். இந்தக் கடைசி மனிதர் சும்மா நிற்பதாக எண்ணற்க. அவர் ஒருவருக்காக எதிர்க்குழு இருவரையாவது பின்னால் நிறுத்த நேரிடும்.

இடத்தைக் காப்பவர் பந்தைப் பார்க்க வேண்டும். ஆளைக் காப்பவரோ பந்தையும் ஆளையும் ஒருசேரப் பார்க்கும் வகையில் உடலைத் திருப்பி நிற்க வேண்டும். சட்டையைப் பற்றி இழுப்பது கூடாது. பெரிய கட்டத்துக்குள் அக்குற்றத்துக்குப் பெனால்டியே தண்டனை. தற்காப்பில் தலையால் முட்டும் பந்து உயரமாகவும், தொலைவாகவும், திடலின் ஓரத்தை நோக்கியும் செல்ல வேண்டும். கோல் காவலர் பந்துக்கு வெளியே வருவதாயின் ஒரே குரலில் உரக்கச் சொல்லி வரட்டும், சொன்னபின் பின்வாங்கலாகாது. மழையில் நனைந்து வழுக்கும் பந்தைப் பிடிக்க முயல்வதினும் முட்டியால் குத்தி வெளியேற்றுவதே மேல். 1970களிலும் 1980களிலும் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று ரசிகர்கள் அழைத்ததை மூத்தவர்கள் அறிவர். அவர்தம் நீண்ட கைகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், கையை உயர்த்தக்கூடிய உரிமை கோல் காவலர் ஒருவருக்கே உண்டு என்பதால், எதிராளியின் தலைக்குமேல் எட்டும் வாய்ப்பு எல்லாக் கோல் காவலருக்கும் இருக்கிறது.

பந்தை வெளியேற்றியவுடன் அனைவரும் ஒருசேரக் கோலைவிட்டு முன்னோக்கி ஓடி வர வேண்டும். அப்போது பின்தங்கும் எதிராளி ஆஃப்சைடில் சிக்கிக்கொள்வார். ஒருவர் மட்டும் சோம்பி நின்றாலும் இந்த ஏற்பாடு பாழாகிவிடும்.

தாக்குதலில் முதற்பொறுப்பு உதைப்பவருடையது. இடது மூலையிலிருந்து வலது காலால் உதைக்கும் பந்து கோலை நோக்கி வளையும். இடது காலால் உதைப்பது கோலைவிட்டு விலகி வளையும். முன்னது காவலரைத் தடுமாறச் செய்யும். பின்னது ஓடிவந்து முட்டுபவருக்கு வலிமை தரும். ஒரு கையை உயர்த்தினால் முன் கம்பம், இரு கைகளையும் உயர்த்தினால் பின் கம்பம் என அடையாளம் வகுத்துக்கொள்ளுங்கள். முட்டுபவர் கோலருகே காத்து நிற்கலாகாது. பெனால்டி புள்ளியின் அருகிலிருந்து ஓடிவந்து எழும்புபவருக்கே உயரம் கிட்டும். நெற்றியால், கண்ணை மூடாமல், பந்தைக் கீழ்நோக்கி முட்ட வேண்டும்.

உயரமானவர் நம்மிடம் இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. 1998ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகப் பிரான்சின் சிடான் அடித்த இரு கோல்களும் மூலை உதையிலிருந்து தலையால் முட்டியவையே. அவர் காலின் திறனுக்கே பெயர்பெற்றவர், தலையால் முட்டுவதற்கன்று. உயரத்தைவிட, ஓடும் நேரமும் இடமுமே அங்குக் கோலைத் தந்தன.

மறுஆண்டு நடந்த ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம் இன்னொரு பாடம். ஆறாம் நிமிடத்திலிருந்து 1-0 என முன்னணியில் இருந்த பாயர்ன் மியூனிக், 90 நிமிடங்களும் கடந்தபின், பெக்காம் உதைத்த இரண்டு மூலை உதைகளால் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 எனத் தோற்றது. முதலாவதில், பந்தைச் சரியாக வெளியேற்றாததால் அது திரும்பி வந்து கோலானது. இரண்டாவதில், ஷெரிங்காம் தலையால் தட்டிவிட்டதை சோல்ஷார் உள்ளே தள்ளினார். அப்படியே, 2019ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், பார்சிலோனாக் குழுவினர் இன்னும் திரும்பி நிற்பதற்குள் லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டு விரைந்து உதைக்க, ஒரிகி கோலடித்தார். 4-0 என முடிந்த அந்த ஆட்டத்தில் நான்காவது கோல் அது. உலகின் முன்னணி வீரர்களும் இமைப்பொழுது அயர்ந்தால் விளைவது இதுவேயாகும்.

ஆயினும் ஒன்றை நினைவில் வையுங்கள். பெரிய லீக் ஆட்டங்களிலும் மூலை உதைகளில் மிகச் சிலவே கோலாகின்றன. எனவே, எல்லோரும் முன்னே ஓடிவிட்டுப் பின்னே திடலை வெறுமையாக விடுவது பேதைமை. இருவராவது பின்னால் நிற்க வேண்டும். பெரிய கட்டத்தின் விளிம்பில் திரும்பி வரும் பந்துக்கு ஒருவர் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணச்செலவு இல்லை. ஒரு பந்தும், ஒரு மணி நேரமும், ஒரு துண்டுத் தாளும் போதும். தாளில் பதினொரு பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் நிற்க வேண்டிய இடத்தைக் குறியுங்கள். இருபது உதைகளைத் தாக்குதலாகவும், இருபது உதைகளைத் தற்காப்பாகவும் பழகுங்கள். எழுத வராதவருக்குத் திடலிலேயே குச்சியால் கோடு கிழித்துக் காட்டுங்கள். மாற்று ஆட்டக்காரர் உள்ளே வரும்போது, எவருடைய இடத்தை ஏற்கிறார் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

அவ்வாறு செய்த பின்னரும் கோல் விழலாம். அப்போதும் எங்கே பிழை நேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்துவதற்கான வழியும் தெரியும். பழிசொல்ல இடமிராது, பழகுவதற்கே இடமிருக்கும். தம் இடத்தைத் தாம் காத்து, பக்கத்தில் நிற்பவரையும் நம்பும் பதினொருவர் உங்கள் தோட்டத்தில் உருவாக வேண்டும் என்பதே நம் அவா.