மோட்சக் கூலி

(ரெட்டிபாளையம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "நற்கிரியைகளும் மோட்ச வெகுமதியும்" என்பதாகும். அதாவது, இவ்வுலகத்தில் நன்மை செய்கிறவனுக்குப் பரலோகத்தில் கூலி உண்டு என்று கிறிஸ்தவ மதம் சொல்லுவதைப் பற்றி ஆராய வேண்டும் என்பதே. இக்கூட்டத்திற்குக் கிறிஸ்தவ சகோதரர்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் மனத்தைப் புண்படுத்த நான் இங்கு வரவில்லை. மேலும் இந்தக் கூலிக் கணக்கு கிறிஸ்தவர்களுக்கு மாத்திரம் சொந்தமானதுமல்ல. பசுவைத் தானம் கொடுத்தால் வைதரணி நதியைத் தாண்டலாம் என்பதும், சித்திரகுப்தன் ஏட்டில் புண்ணியம் ஏறும் என்பதும் இதே கணக்குத்தான். ஏடு வேறு, கணக்குப்பிள்ளை வேறு; வியாபாரம் ஒன்றே. ஆகையால் நான் சொல்லுவதை எல்லோரும் கேட்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! இது சுண்ணாம்புக்கல் பூமி. கூலி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பள்ளத்தில் இறங்கிக் கல் உடைக்கிற ஒருவனிடம், "அப்பா, நீ ஆயுள் முழுதும் உடை, உன் கூலி மொத்தத்தையும் நீ செத்த மறுநாள் வட்டியோடு தருகிறேன்" என்று கண்டிராக்டர் சொன்னால், அவன் கடப்பாரையைத் தொடுவானா? (சிரிப்பு). சிரிக்கிறீர்கள். வெளியூரிலிருந்து ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் வந்து, "மாதாமாதம் கட்டுங்கள், செத்தபின் பணம்" என்றால், முன்னே சீட்டெடுத்தவன் ஒருவனைக் காட்டு என்று கேட்கமாட்டீர்களா? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனாவது பெண்டாட்டி பிள்ளைகளிடம் ரூபாயைக் கொடுக்கிறான். மோட்சக் கம்பெனியில் பணம் வாங்கித் திரும்பி வந்து ரசீது காட்டினவர் ஒருவருமில்லை. ஒரு ரூபாய் விஷயத்தில் இவ்வளவு விசாரிக்கிற நாம், வாழ்நாள் முழுவதையும் கொடுக்கிற விஷயத்தில் ஏன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை?

சரி, வேதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம். மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில், ஊரார் மெச்சுவதற்காகத் தருமம் செய்யாதே, அந்தரங்கத்தில் செய், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா உனக்குப் பலன் தருவார் என்ற கருத்து இருக்கிறது. பூச்சி அரிக்காத, திருடன் கன்னமிடாத பொக்கிஷத்தைப் பரலோகத்தில் சேர்த்துவை என்றும் அங்கேயே காண்கிறது. தமுக்கடித்துத் தருமம் செய்கிறவனைக் கண்டித்தது மிகவும் நியாயம். ஆனால் ஊரார் மெச்சுவதற்காகச் செய்வது தப்பென்றால், பிதாவிடம் பலன் வாங்குவதற்காகச் செய்வது மட்டும் எப்படிச் சரியாகும்? பார்க்கிறவன்தான் மாறினானே தவிர, எதிர்பார்ப்பு மாறவில்லையே!

இது ஏதோ நாம் இன்று கிளப்பும் குதர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதைப்பற்றிப் பெரும் சண்டை நடந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இந்த அரியலூர்ச் சீமையில், கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சி இருக்கிறதல்லவா? அங்கேதான் இத்தாலி தேசத்திலிருந்து வந்த வீரமாமுனிவர் பல காலம் இருந்து கோவில் கட்டினார். பரமார்த்த குரு கதையையும் சதுரகராதியையும் செய்த அதே பாதிரியார்தான். அவர் காலத்தில் கடற்கரையில் தரங்கம்பாடியில், 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு என்பவர் தொடங்கிய லுத்தரன் மிஷன் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கூட்டமும் ஒரே ஏசுவைக் கும்பிட்டது. ஆனால் வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரைக் கண்டித்து "வேத விளக்கம்", "பேதக மறுத்தல்", "லுத்தேரினத்தியல்பு" என்றெல்லாம் தமிழில் புத்தகங்கள் எழுதினார்.

அந்தச் சண்டையின் வேர் ஐரோப்பாவில் இருந்தது. ரோமாபுரியில் பெரிய கோவில் கட்டப் பணம் வேண்டியிருந்தது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் அனுபவிக்க வேண்டிய தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் என்னும் பாதிரியார் இதை எதிர்த்துக் கிளம்பினார். பிறகு அவர், மனிதன் கிரியைகளால் மோட்சத்தைச் சம்பாதிக்க முடியாது, விசுவாசம் ஒன்றே போதும் என்றார். ரோமச் சபையாரோ 1547-ல் திரெந்து சங்கத்தில், கடவுள் கிருபையோடு செய்யும் நற்கிரியைகளுக்கு நித்திய ஜீவன் கைம்மாறாகவும் கிடைக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். சண்டையில் ரத்தம் ஆறாக ஓடியது. கடைசியில் 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இரு சபையாரும் ஒன்றுகூடி, இரட்சிப்பு என்பது கிருபையாலேயே வருகிறது, நற்கிரியைகள் அதன் கனிகள் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

மோட்சத்திற்கு வழி இதுதான் என்று இரண்டு பக்கமும் நிச்சயமாகச் சொன்னது. அந்த வழி கிரியையா விசுவாசமா என்பதில் ஒத்துப்போக நானூற்றெண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படித்த குருமாருக்கே இவ்வளவு காலம் பிடித்த கணக்கை, பாமர ஜனங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டுமாம்!

இருந்தாலும் நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்ளுவதே அறிவுடைமை. அதே மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கிறது. நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா சிலரை வலதுபக்கம் நிறுத்தி, நான் பசித்தபோது சோறு போட்டீர்கள், வியாதியாயிருந்தபோது வந்து பார்த்தீர்கள் என்கிறார். அவர்கள் திகைத்து, உம்மை நாங்கள் எப்போது பார்த்தோம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள். வெகுமதி வாங்கப்போகிறவனுக்கே தான் வெகுமதிக்கு வேலை செய்ததாகத் தெரியாது! பசித்தவனைப் பார்த்தான், போட்டான், அவ்வளவுதான். எனவே மோட்சத்தை நினைத்துக்கொண்டு ஒரு பிடி அரிசி போடுகிறவன், அந்தக் கதைப்படி பார்த்தாலும் அந்த வரிசையில் சேர்ந்தவனல்லன். கிறிஸ்தவ சகோதரர்கள் இதை வீட்டுக்குப் போய் நிதானமாக யோசிக்க வேண்டுகிறேன்.

ஆனால், "மோட்ச ஆசையாலாவது நாலு பேர் நன்மை செய்துவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் எனக்கல்ல, ஏழைக்கு! கூலி மேலே இருக்கிறது என்று சொன்னால், கீழே கூலியைப் பிடித்துக்கொள்ளுகிறவனுக்கு அது மெத்த வசதி. பொறுத்துக்கொள், அங்கே கிடைக்கும் என்று சொல்லியே எத்தனையோ தலைமுறையை ஓட்டியாய்விட்டது. அமெரிக்காவில் 1911-ல் ஜோ ஹில் என்ற தொழிலாளர் பாட்டுக்காரர், செத்தபின் ஆகாயத்தில் பலகாரம் கிடைக்கும் என்ற இந்தப் பிரசங்கத்தைக் கேலிசெய்து பாட்டுக் கட்டினார். பசித்த கூலிக்காரர்கள் அதை வீதி வீதியாகப் பாடினார்கள்.

நம் நாட்டு அநுபவம் இன்னும் கசப்பானது. திராட்சைத் தோட்டத்து எஜமான் காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தான் என்று வேதத்தில் கதை இருக்கிறது. மோட்சத்தில் முந்தினவன் பிந்தினவன் என்ற பேதமில்லை என்பதற்காகச் சொன்னது. ஆனால் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே ஜாதிக்கு ஜாதி பிரிக்கச் சுவர் வைத்திருந்தார்களே! 1910-ல் அந்தச் சுவரை இடித்தபோது, கோர்ட்டுக்கு அல்லவா போனார்கள்! மேலே எல்லோருக்கும் ஒரே கூலி, கீழே முழங்கால் போட ஒரே இடமில்லை. மேலே வரப்போகும் சமத்துவம் இங்கே ஒரு செங்கல்லைக்கூடத் தானாக அசைக்கவில்லை. மனிதன் கையில் கடப்பாரை எடுத்த பிறகுதான் சுவர் விழுந்தது.

"மோட்சமும் நரகமும் இல்லையென்றால் எவன் நன்மை செய்வான்?" என்பது கடைசிக் கேள்வி. கல் வெட்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஒரு குழந்தை தவறி விழுகிறது. கரையில் நிற்கிறவன் புண்ணியக் கணக்குப் பார்த்துவிட்டா குதிக்கிறான்? வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் டாக்டரைத் தொடவிடாத வழக்கத்தால், பிரசவத்தில் செத்துப்போனதைக் கண்டார். சொந்த ஊருக்குப் போய்ச் சுகமாக இருக்க நினைத்தவர், டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அதைக் கடவுள் அழைப்பு என்று அவர் சொன்னார், சொல்லட்டும். ஆனால் அவரைத் திருப்பியது மோட்ச வெகுமதி அல்ல, மூன்று பிணங்கள்.

நம் பழந்தமிழர் இதை ஏசு மதம் இந்நாட்டில் வேரூன்றுமுன்னமே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உறையூர் முடமோசியார் என்னும் புலவர் ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று அறத்தை விலைபேசுகிற வியாபாரி அவன் அல்லன் என்று புறநானூற்றில் புகழ்கிறார். மேலுலகமே இல்லாவிட்டாலும் கொடுப்பதே நல்லது என்று வள்ளுவரும் சொல்லிவிட்டார். இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆகவே தோழர்களே! நன்மை செய்யுங்கள்; பசித்தவன் பசி தீருவதே அதற்குக் கூலி. உழைத்த கூலியை மட்டும் மேலே விட்டுவைக்காதீர்கள். அதை இங்கேயே, உயிரோடிருக்கும்போதே, எண்ணி வாங்குங்கள். பொறுத்துக்கொள் என்று சொல்லுகிறவரை, முதலில் தம் பங்கை மோட்சத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.