எரர் மெசேஜ்ல பேசறது யாரு?

இந்த வாரம் டாக்கர் பத்திப் பேசறேன்னு சொல்லியிருந்தேன். அது தள்ளிப் போகுது. காரணம், எங்க பெரும்பாக்கம் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற அக்கா.

ஞாயித்துக்கிழமை காலைல ஒரு பழைய லேப்டாப்போட வந்து நின்னாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான, இத ஒரு தடவ பாரேன்." ப்ளஸ் டூல ஸ்கூல்ல கெடச்ச அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்சு, எல்காட் வாங்கிக் கொடுத்த திட்டம் ஞாபகம் இருக்கா? அதுல விண்டோஸோட, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் போட்டு வந்துச்சு. நம்மள்ல எத்தன பேர் அதத் தொறந்தோம்? நான் வால்பேப்பர் பார்க்கத் தொறந்தேன், அவ்வளவுதான்.

ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன். 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்'. அதுக்குக் கீழ 'க்ரப் ரெஸ்க்யூ', பக்கத்துல கர்சர் மின்னுது. கடைல காட்டினப்ப "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, புதுசு போடணும்"னு சொல்லிட்டாங்களாம். அக்காவுக்கு லேப்டாப் பெருசில்ல. தவறிப்போன அவங்க அப்பாவோட போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த மெசேஜச் சொல்றது யாரு?

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல முழிக்கறது பயாஸ். அது மதர்போர்டுல ஒரு சிப்புக்குள்ள இருக்கு. 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்'னு வந்தா, பொதுவா பேசறது அதுதான். அப்ப டிஸ்க் மேல சந்தேகப்படலாம். ஆனா க்ரப் இருக்கறது ஹார்ட் டிஸ்க்லயே. டிஸ்கோட முதல் 512 பைட்டுக்குள்ள ஒரு குட்டி புரோகிராம், அத ஒட்டி இன்னும் கொஞ்சம் கோட். மிச்சமெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷன்ல. க்ரப் ஸ்கிரீன்ல எழுதுதுன்னா டிஸ்க் சுத்துது, படிக்கவும் முடியுது. செத்த டிஸ்க் 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு சொல்லாது!

"யாராவது எதையாவது அழிச்சீங்களா?"ன்னு கேட்டேன். அவங்க தம்பி தலையச் சொறிஞ்சான். கேம் போட எடம் பத்தல, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிரைவ் லெட்டர் இல்லாம ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அழிச்சுட்டேன்னான். அதுதான் பாஸ். க்ரப் தன்னோட மிச்சத்தத் தேடிப் போச்சு, வீடே இல்ல.

உடனே ரிப்பேர்ல எறங்கல. இந்த வரிசைய மாத்தவே மாத்தாதீங்க: மொதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். பென் டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு, பூட் மெனுல அதத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் பார்ட்டிஷன் அப்படியே இருந்துச்சு. 'அப்பா'ன்னே ஒரு ஃபோல்டர். எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு ஒரு காப்பி, அக்காவோட ஃபோனுக்கு ஒரு காப்பி. அக்கா மொத போட்டோலயே நின்னுட்டாங்க. நான் டீ போடப் போயிட்டேன்.

ரிப்பேர் ரெண்டு நிமிஷம். விண்டோஸ் 7 இன்ஸ்டலேஷன் பென் டிரைவ், ரிப்பேர் ஆப்ஷன், கமாண்ட் பிராம்ப்ட், 'பூட்ரெக் ஸ்லாஷ் ஃபிக்ஸ்எம்பிஆர்'. க்ரப் இருந்த எடத்துல விண்டோஸோட பூட் கோட் வந்துடும், பார்ட்டிஷன் டேபிளத் தொடாது. இது பழைய பயாஸ் மெஷினுக்கு மட்டும். புது யூஈஎஃப்ஐ லேப்டாப்ல இதப் போட்டுட்டு என்னத் திட்டாதீங்க.

விண்டோஸ் வந்துச்சு. ஆனா தேதி 2009! அதனால பிரவுசர் எந்த சைட்டையும் நம்ப மாட்டேங்குது, சர்ட்டிஃபிகேட் எரர். அது சிமாஸ் பேட்டரி, தீர்ந்து போன மூணு வோல்ட் பொத்தான் செல். மாத்தினா சரியாகிடும். ஆனா விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோச்சு, அதனால அந்த லேப்டாப்ல பேங்க் வேலை வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன்.

தம்பி இப்ப பாஸ் லினக்ஸத் திரும்பப் போட முடியுமான்னு கேக்கறான். அடுத்த வாரம் டாக்கர், நெஜமா.