கூடுதல் கணிதத்தைக் கைவிடாதீர்கள்

கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் வரை வந்திருக்கும் பெற்றோர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே,

கணினிப் பொறியியலும் எதிர்காலமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்காலத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாம், கேட்க ஆளில்லை. நான் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. இது நம்மில் பலருக்குத் தெரியும், பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். அதே 1966-இல்தான் தேசிய மின்சார வாரியம் மலேசியாவின் முதல் கணினியை நிறுவியது. அன்றைய லெம்பாகா லெட்ரிக் நெகாராதான் இன்றைய தெனாகா நேஷனல். அதன் தலைமையகம் இதோ பக்கத்தில், பங்சாரில் இருக்கிறது. மாநாட்டுக்கு நாம் திரண்டு போனோம். அந்தப் பெட்டி வந்ததை நாம் கவனிக்கவே இல்லை.

ஆனால் பெட்டி நம்மைக் கவனித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சுங்கைவேயிலும் உலுகிள்ளானிலும் சுதந்திர வாணிப வட்டாரங்கள் வந்தன. மோட்டோரோலா வந்தது, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. காலையில் பேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்தி வரை வந்து நிற்கும். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்கள் அதில் ஏறிப் போய், நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் வைத்து ஒட்டினார்கள். இந்த மண்டபத்திலும் அப்படி வேலை செய்த அம்மாமார்கள், பாட்டிமார்கள் இருப்பீர்கள். உலகத்துக் கணினிகளுக்குள் உங்கள் கைவேலை இருந்தது அம்மா. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அந்தச் சில்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை. வரைந்தவன் வேறு நாட்டில் இருந்தான், பொருத்தியவர் இங்கே இருந்தார்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இதே பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர் ஆனந்தகிருஷ்ணன். 2024 நவம்பரில் மறைந்தார். மெக்சிஸ், ஆஸ்ட்ரோ என்று நம் கைப்பேசியிலும் வரவேற்பறையிலும் நுழைந்த மனிதர். 1996 ஜனவரியில் மியாசாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது அவருடைய குழுமத்தின் முயற்சியால். அவர் மெல்பர்னில் படித்தது அரசியல், ஹார்வர்டில் படித்தது வணிக நிர்வாகம். செயற்கைக்கோளைக் கட்டிக் கொடுத்தது அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம். சொந்தக்காரர் நம்மவர், பொருத்தியவர்களும் நம்மவர்கள், நடுவில் வரைந்தவர் மட்டும் நம்மவர் இல்லை. ஐம்பது ஆண்டுக் கதை இதுதான். அந்த நடு நாற்காலியைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்தேன்.

அதில் ஒருவருமே உட்காரவில்லை என்று சொன்னால் அது பொய். ஐபோன் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் செட்டிங்ஸில் போய்த் தமிழ் விசைப்பலகையைத் தேடுங்கள். தமிழ் 99 இருக்கும், அதோடு அஞ்சல் என்று ஒன்றும் இருக்கும். அது நம் முத்து நெடுமாறனுடையது. கிள்ளான் வாழ் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1985-இல் முரசு என்று தொடங்கியது அவர் பணி. பிறகு முரசு அஞ்சல், கைப்பேசிக்குச் செல்லினம். ஆப்பிள் கருவிகளோடு வரும் எழுத்துருக்களில் சங்கம் எம்.என். என்று பெயர் முடிவதைக் கண்டால், அது தமிழாக இருந்தாலும் வங்காளமாக இருந்தாலும் சிங்களமாக இருந்தாலும், அந்த எம்.என். அவரைக் குறிப்பதுதான். அப்பா தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்தார், மகன் அந்தக் கவிதைகளைத் திரையில் தெரிய வைத்தார். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது இது.

சரி, கணினிப் பொறியியல் என்றால் என்ன? "என் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்று கல்யாண வீட்டில் சொல்கிறோம். எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டால் பதில் இல்லை. லோ யாட் பிளாசாவில் கைப்பேசித் திரை மாற்றுவதும் கம்ப்யூட்டர், வங்கிக்குச் செயலி எழுதுவதும் கம்ப்யூட்டர், சில்லு வரைவதும் கம்ப்யூட்டர்.

கணினிப் பொறியியல் எது என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். இந்தப் பேச்சு முடிந்ததும் நீங்கள் கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து போவீர்கள். கிளானா ஜெயா தடத்தில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது. ரயில்வே குடியிருப்புகளால் வளர்ந்த ஊர் இந்த பிரிக்பீல்ட்ஸ். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் நடத்திய ரயில்வே. இன்று இங்கே ஓடும் கிளானா ஜெயா ரயிலுக்கு ஓட்டுநரே இல்லை. எப்படி ஓடுகிறது? எங்கே இருக்கிறேன், என்ன வேகம் என்று ரயில் தானே அளந்துகொண்டிருக்கிறது. அந்த அளவை வாங்கிக் கணக்குப் போடும் சிறு கணினி ரயிலுக்குள் இருக்கிறது. முன்னால் போகும் ரயில் எங்கே என்ற செய்தி கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து வருகிறது. தூரம் குறைந்தால் பிரேக்குக்குக் கட்டளை போகிறது. இந்தச் சங்கிலியில் மின்சுற்று இருக்கிறது, நிரல் இருக்கிறது, தொலைத்தொடர்பு இருக்கிறது. கணினி அறிவியல் படித்தவர் பெரும்பாலும் நிரலோடு நிற்பார். மின்னியல் படித்தவர் சுற்றோடு நிற்பார். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிற்பவர் கணினிப் பொறியியலாளர். கோளாறு நிரலிலா சுற்றிலா என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கை காட்டும்போது, கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

படிப்பு நான்கு ஆண்டு. முதல் ஆண்டில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், மின்சுற்று, சி மொழி. கணினியைத் தொடப் போகிறோம் என்று ஆசையோடு போகிற பிள்ளை பாதி நாள் கணக்குத்தான் போடும். இங்கேதான் பலர் மனம் உடைகிறார்கள். அதற்குப் பிறகு இலக்கத் தருக்கம், நுண்செயலி, கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம். இடையில் குறைந்தது எட்டு வாரம் தொழிற்பயிற்சி. கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு திட்டப்பணி. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் இது கணினி, தொடர்பு அமைப்புப் பொறியியல் என்ற பெயரில் இருக்கிறது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பெர்லிஸ் பல்கலைக்கழகம், மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று வாய்ப்புகள் பல.

பெற்றோர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் பொறியியல் இருப்பதால் மட்டும் அது பொறியியல் பட்டம் ஆகிவிடாது. மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் கீழ் பொறியியல் அங்கீகார மன்றம் ஒன்று இருக்கிறது. இஏசி என்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அது அங்கீகாரம் தருவதில்லை, ஒவ்வொரு பட்டப்படிப்பாகப் பார்த்துத் தருகிறது. பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால்தான் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதியலாம், பின்னாளில் பெயருக்கு முன்னால் 'ஐஆர்' போடலாம். 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் ஆனதால், இந்தப் பட்டத்துக்கு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் மதிப்பு உண்டு. நேர்மையாகச் சொல்கிறேன், மென்பொருள் வேலைக்கு ஐஆர் தேவையில்லை. சில்லு நிறுவனங்களில்கூடப் பலர் பதிவதில்லை. ஆனால் நான்கு ஆண்டும், சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேலும் கொடுத்த பிறகு, அந்தக் கதவு மூடியிருப்பது தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? விளம்பரத் தாளில் சிரிக்கும் பிள்ளைகளைப் பார்க்காதீர்கள். பட்டியலைப் பாருங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உலகத்தில் சில்லுகளைச் சோதித்துப் பொதிந்து அனுப்பும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. நம் பாட்டிமார்கள் தொடங்கிய வேலைதான். 2024 மே மாதம் அரசாங்கம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தது. 60,000 பொறியியலாளர்களை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. அதே ஆண்டு பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா தொடங்கியது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம், அதிலும் 10,000 பேருக்குப் பயிற்சி. அரசாங்கத்தின் இலக்குகள் எல்லாம் எழுதியபடி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பாதிதான் நடந்தாலும் சரி, வரைகிற நாற்காலிகள் பூச்சோங்கில் ஏற்கெனவே வந்துவிட்டன. கிள்ளானிலிருந்து காரில் போய் வரும் தூரம்.

அங்கே என்ன வேலை? வடிவமைப்பு ஒரு பங்கு என்றால் சரிபார்ப்பு அதைவிடப் பெரிய பங்கு. செயலியில் பிழை இருந்தால் அடுத்த வாரம் புதுப்பிப்பு அனுப்பலாம். சிலிக்கனில் பதிந்த பிழையை அப்படித் திருத்த முடியாது. 1994-இல் இன்டெல்லின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்குத் தப்பாக வந்தது. கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். காரணம், சில்லுக்குள் இருந்த ஒரு வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. இன்டெல்லுக்கு அதனால் 47.5 கோடி டாலர் செலவு. அந்த ஐந்து இடங்களை முன்கூட்டியே பிடித்திருக்க வேண்டியவர் சரிபார்ப்புப் பொறியியலாளர். கணக்கில் கவனம் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

சில்லு மட்டும்தானா என்றால், இல்லை. கிள்ளான் துறைமுகம் 2023-இல், இருபதடி அளவில் கணக்கிட்டால், 1.4 கோடிக்கு மேல் கொள்கலன்களைக் கையாண்டது. எந்தப் பெட்டி எங்கே, எந்தக் கிரேன் எதைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் கணினிக் கணக்கு. சைபர்ஜெயாவில் தரவு மையங்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் உடல் வலிக்க உழைத்த அப்பாவின் மகள் அதே துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்காரலாம்.

"ஏஐ வந்துவிட்டதே, எல்லா வேலையும் போய்விடுமே" என்று ஓர் ஐயா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நியாயமான பயம். நிரல் மட்டும் எழுதத் தெரிந்த புதுப் பட்டதாரியின் நிலைமை முன்போல் இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஏஐ ஓடுவது எதன்மேல் ஐயா? சில்லின்மேல், மின்சாரத்தின்மேல், வலையமைப்பின்மேல். அடித்தளம் தெரிந்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. சம்பளம் என்று பார்த்தால், ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கும்போது பிள்ளைகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டுவார்கள், அதையும் நான் குறை சொல்லப் போவதில்லை. சம்பளத்தை ஏற்றுவது இங்குள்ள முதலாளிகளின் பொறுப்பு.

பணத்துக்கு என்ன வழி? 2024-இல் பிரதமர் அன்வார் அறிவித்தபடி, ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் பத்து 'ஏ'வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு. அதற்குக் கீழே எடுத்த பிள்ளைகள் ஆறாம் படிவத்தை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அரசாங்கப் பள்ளியில், கிட்டத்தட்ட இலவசமாக, எஸ்டிபிஎம் தேர்வு எழுதிப் பொதுப்பல்கலைக்கழகம் போகலாம். கடினம்தான், ஆனால் கடன் இல்லை. மற்றவர்களுக்குப் பிடிபிடிஎன் கடன் இருக்கிறது, சில இடங்களில் உபகாரச் சம்பளம் இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் நாமே சேர்ந்து உதவலாம். தோட்டத்துப் பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பத்து வெள்ளிக்கு என்ன பலம் என்று தெரிந்த சமூகம் நாம். அமைப்பாளர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், சற்று முன் எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடையின் விலைக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை வாங்கலாம். அடுத்த ஆண்டு பேச்சாளருக்குக் கைத்தட்டல் போதும். பலகையை ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் இந்த முடிவு பல்கலைக்கழக வாசலில் எடுக்கப்படுவதில்லை, நான்காம் படிவத்தில் எடுக்கப்படுகிறது. 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பதினாறு வயதில், நண்பன் எடுத்த தொகுப்பைப் பிள்ளை எடுக்கிறான். கூடுதல் கணிதம் கஷ்டம் என்று யாரோ சொன்னதும் விட்டுவிடுகிறான். ஐந்தாம் படிவத்தில் சில ஆசிரியர்களே, பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையுமே என்று, விட்டுவிடச் சொல்வதும் உண்டு. கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பொறியியல் பீடத்துக்குள் நுழையும் வழி மிகக் குறுகல்.

ஆகவே அம்மா, ஐயா, தொகுப்புப் படிவம் வீட்டுக்கு வரும் நாளில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூடுதல் கணிதம், இயற்பியல் இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளியில் அந்தத் தொகுப்பு இல்லை என்றால் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே மேசையில் பொறியியல் படிக்கும் நம் அண்ணன் அக்காமார் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். கூடுதல் கணிதத்துக்கு வாரம் ஒரு மாலை இலவசமாகச் சொல்லித் தர முன்வந்திருக்கிறார்கள். சாப்பாட்டு வரிசைக்குப் போகும் முன் உங்கள் பிள்ளையின் பெயரை அங்கே பதிந்துவிட்டுப் போங்கள்.