நின்றுபோன பாகங்களின் கணக்கு

கெடா மாநிலத்தில் பாடாங் செராய்ப் பட்டணத்தைச் சுற்றியுள்ள விக்டோரியா, ஹென்ரியட்டா முதலிய தோட்டங்கள் பால்மரத்தையே நம்பி வாழ்ந்த காலத்தில், லயத்து வீடுகளுக்குப் பாட்டும் செய்தியும் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களும், கோயில் திருவிழாக்களில் நாதஸ்வர இசையை ஊரெங்கும் கேட்கச் செய்த வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் இன்று பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை மறுபடியும் பேசவைக்க விரும்புகிறவருக்கு முதலில் எதிர்ப்படும் இடையூறு, உள்ளிருக்கும் பாகங்களில் பலவற்றின் உற்பத்தி நின்றுபோனது. அதற்கு மாற்றாக இன்றைய பாகமொன்றைப் பொருத்தலாமா என்று கணினியில் சோதித்துப் பார்க்க முனைந்தால் இரண்டாவது இடையூறு எழுகிறது: பழைய பாகத்தின் கணித மாதிரி கணினியில் இருப்பதில்லை. இந்த இரண்டாவது இடையூற்றைக் கடக்கும் வழிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நாடகத்தை மேடையேற்றுமுன் ஒத்திகை பார்ப்பதுபோல, மின்சுற்று ஒன்றைச் சாலிடர் வைத்துக் கட்டுமுன் கணினியில் இயக்கிப் பார்க்கும் முறையை உலகுக்குப் பொதுவாக்கியது, கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் டொனால்ட் பெடர்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கி, 1973இல் வெளிவந்த ஸ்பைஸ் என்னும் நிரலாகும். அந்த நிரலுக்கு ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் சில வரிகளில் அடங்கும் எண்களின் கோவைதான்; அக்கோவையே அதன் மாதிரி. பெருக்கம் எவ்வளவு, கசிவு எவ்வளவு, உள்தடை எவ்வளவு, தேக்குதிறன் எவ்வளவு என்ற விவரங்களைக் கொடுத்துவிட்டால், மிச்சத்தை 1970இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கும்மல், பூன் ஆகிய இருவர் வகுத்தளித்த சமன்பாடுகள் கவனித்துக்கொள்ளும்.

ஆனால் இந்த முறை பரவுவதற்கு முன்பே பிறந்து, அது பரவிய சமயத்தில் சந்தையிலிருந்து விடைபெற்றுக்கொண்ட பாகங்களுக்கு எண்களைத் தொகுத்துத் தர எந்த ஸ்தாபனத்துக்கும் அவசியம் ஏற்படவில்லை. பிற்காலத்தவற்றுக்கும் கதி ஏறக்குறைய இதுவே. ஆர்.சி.ஏ. கம்பெனியின் குறைகடத்திப் பிரிவு முதலில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கும், பின்பு ஹாரிஸுக்கும், அதன்பின் இன்டர்சிலுக்கும், இறுதியாக ரெனெசாஸுக்கும் கைமாறியது. நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோடு இணைந்தது. இவ்விதம் கைமாறும்போதெல்லாம், விற்பனையில் இல்லாத பாகத்தைப் பற்றிய அறிவே முதலில் கைநழுவுகிறது.

அப்படியானால் வழி என்ன? முதல் வழி, மறைந்த பாகத்தின் உறவினரைத் தேடுவது. ஆர்.சி.ஏ.யின் சி.ஏ. 3080 என்ற பெருக்கி நின்றுபோன பிறகும், ஏறக்குறைய அதே தத்துவத்தில் அமைந்த எல்.எம். 13700 நிலைத்திருப்பதால், அதன் மாதிரியைக் கொண்டு தொடங்கலாம். இரண்டாவது வழி, உள்ளமைப்பைப் பார்த்து எழுதுவது. அக்காலத்து விவரத்தாள்களில் சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் இணைப்புப் படத்தையே அச்சிடும் நல்ல வழக்கம் இருந்தது. அதை உள்ளபடியே கணினியில் வரைந்து, பொதுவான டிரான்சிஸ்டர் மாதிரிகளை நிரப்பினால் பல காரியங்களுக்குப் போதுமான விடை கிடைத்துவிடும். மூன்றாவது வழி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல், வெளியே அது நடந்துகொள்ளும் விதத்தை மாத்திரம் பிரதிபலிப்பது. 741 என்ற புகழ்பெற்ற பெருக்கியில் இருபதுக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் இருக்க, பாயில் என்பவரும் அவருடைய சகாக்களும் 1974இல் இரண்டே டிரான்சிஸ்டர்களோடு சில கற்பிதமான மின்மூலங்களைச் சேர்த்து அதன் நடத்தையைக் காட்டிய முறை இவ்வகைக்கு முன்னுதாரணம். வால்வுகளுக்கும் இவ்விதமே, விவரத்தாளில் அச்சான வளைகோடுகளோடு பொருந்தும் சமன்பாடுகளை நார்மன் கோரன் 1996இல் வெளியிட்டார்.

இம்மூன்றும் கைகொடுக்காத இடத்தில் எஞ்சுவது அளந்து பார்ப்பது. மல்லார்டு கம்பெனியின் ஓ.சி. 71 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். கலெக்டரில் 2.2 கிலோ ஓம் தடை ஒன்றை வைத்து, 9 வோல்ட் பேட்டரியை இணைத்து, பேஸை எதனோடும் சேர்க்காமல் விட்டு, தடையின் இருமுனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கும்போது 0.3 வோல்ட் காட்டினால், அது முழுவதும் கசிவு. பின்பு 2.2 மெகா ஓம் தடை வழியாகப் பேஸுக்குச் சுமார் 4 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் கொடுக்க, மீட்டர் 0.9 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுக் கணக்கிட்டால் பெருக்கம் நூறு என்று தோன்றும். கசிவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலோ உண்மையான பெருக்கம் சுமார் 68தான். கழிக்காத எண்ணை மாதிரியில் எழுதிவிட்டால், கணினியில் கம்பீரமாகப் பாடும் சுற்று மேசைமேல் முனகும்.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணத்தால் ஜாக்கிரதை தேவைப்படுகிறது. ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய பத்து டிகிரி வெப்பம் உயருந்தோறும் இரட்டிக்கிறது. மேல்நாட்டு விவரத்தாள்கள் 25 டிகிரியில் அளந்து எழுதப்பட்டவை; ஸ்பைஸும் நாம் வேறு சொல்லாதவரை 27 டிகிரி என்றே கொள்கிறது; கெடாவின் நண்பகலில் தகரக் கூரையின்கீழ் வைத்த பெட்டிக்குள் இருக்கும் உஷ்ணம் இவற்றை வெகுவாக மிஞ்சும். மேலும், எழுதாமல் விட்ட இடத்தில் ஸ்பைஸ் சிலிக்கானுக்குரிய 1.11 என்ற ஆற்றல் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஜெர்மானியத்துக்கு உரியது 0.67. இந்த ஒரே எண்ணை மாற்ற மறந்தால், வெப்பம் ஏறும்போது நேரும் விளைவுகளைப் பற்றிக் கணினி சொல்வது எதுவும் நம்பத்தக்கதாகாது. ஆகவே எந்த மாதிரி கைக்கு வந்தாலும், அது எந்த வெப்பநிலையில், எத்தனை பாகங்களை அளந்து எழுதப்பட்டது என்று முதலில் விசாரிப்பது நலம்.

மின்னணுப் பாகங்களோடு பழகும் இந்தக் காரியம் நம் பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டு, இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட் முதலிய கம்பெனிகள் அங்கே காலூன்றியபோது, நுண்ணோக்கியில் கண்பதித்து, சில்லிலிருந்து தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து இணைத்தவை வடமாநிலப் பெண்களின் கைகள். 1996இல் திறப்புவிழாக் கண்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவோ நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே புதியதைச் செய்யக் கற்றவர்கள் அநேகர். பழையதை அளந்து பதிவுசெய்வதும் அதே கல்வியின் பகுதியென்று நாம் மதிக்க வேண்டும்.

ஆதலால், தொழிற்கல்வி பயிலும் மாணவர்களுக்கும் ரேடியோ பழுதுபார்த்துக் கைதேர்ந்த பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பழைய பெட்டி எதையேனும் குப்பைக்கு அனுப்புமுன், அதிலுள்ள டிரான்சிஸ்டர்களையும் வால்வுகளையும் கழற்றிப் பெயரைக் குறித்து அளவெடுங்கள். அளந்தபோது இருந்த வெப்பத்தையும் கொடுத்த மின்னழுத்தத்தையும் பக்கத்திலேயே எழுதி, கேட்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். உற்பத்தி நின்றுபோன பாகத்துக்கு அந்த ஒரு தாளே போதிய ஆதாரம்.