திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்தவர்கள்



ஓர் இளைஞன் எவ்வாறு போராளியாகிறான் என்னும் வினாவிற்குக் கவிஞர்கள் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: நெஞ்சில் கனல் மூண்டது, அவன் புறப்பட்டான். சமூகவியலார் இவ்விடையோடு அமைவதில்லை. 1964ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யும் பணிக்கு மாணவர் பலர் விண்ணப்பித்தனர். அவர்களுள் சென்றோரையும் இறுதியில் செல்லாது நின்றோரையும் ஒப்பிட்டு டக் மக்காடம் 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். இரு சாராரிடையே கொள்கைப் பற்றில் பெரிய வேறுபாடில்லை. உடன் செல்லும் நண்பர் உண்டா என்பதிலேயே வேறுபாடு மிகுந்திருந்தது. விண்ணப்பத் தாள்களோடு நில்லாது, ஆண்டுகள் பல கழித்து அவர்களுட் பலரைத் தேடிச் சென்று உரையாடியும் அவர் இதனை எழுதினார்.

இந்தக் கண்கொண்டு காவிரிக்கரையை நோக்கலாம். வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயரும் திருவரங்கத்தில் பிறந்த டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் ஏறத்தாழ ஒத்த வயதினர். ஐயர் சட்டம் பயிலவும் ராஜன் மருத்துவம் பயிலவும் இலண்டன் சென்றனர். புரட்சி செய்யச் சென்றவர்கள் அல்லர். இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் இல்லம் இருவரையும் சாவர்க்கரின் வட்டத்திற்குள் கொணர்ந்தது. ஐயர் 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி அடைந்தார். ராஜனோ படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பின்னர் காந்தியடிகளின் வழியில் நின்றார். ஒரே கூரையின் கீழிருந்து இரண்டு பாதைகள்! 'தாக்கம்' என்ற ஒரு சொல்லால் இதனை எழுதி முடித்துவிடுவது சோம்பலே.

1930 ஏப்ரல் 13 அன்று, அதே ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்துதான் இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரணியம் நோக்கிப் புறப்பட்டனர். சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். வழியோர மரங்களில் உணவுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டித் தொங்கவிட்டவர் எவர்? பெயர் இல்லை. இருளில் அம்முடிச்சை இட்ட கையும் போராளியின் கையே. அவர்களுட் பலர் அதற்கு முன் எந்தக் கூட்டத்திற்கும் சென்றிராதவராகவே இருத்தல் கூடும். வேதாரணியத்தில், தாம் மழிக்கத் தொடங்கியவர் போலீஸ்காரர் என அறிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்ட வைரப்பனுக்கு மட்டும் பெயர் எஞ்சியது.

எட்டே ஆண்டுகள். 1938 ஆகஸ்ட் 1 அன்று, அதே நகரின் உறையூரிலிருந்து இன்னொரு நூற்றுவர் படை சென்னைக்கு நடந்தது. இராஜாஜி அரசின் கட்டாய இந்தியை எதிர்த்த அப்படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் இருந்தனர். செப்டம்பர் 11இல் அது சென்னையை அடைந்தது. எதிர்க்கப்பட்ட அமைச்சரவையில் ராஜனும் ஓர் அமைச்சர்! கொள்கை மாறிற்று, பகைவர் மாறினர். ஊர் ஊராக நடத்தல், வழியில் உண்ணல், கூட்டம் கூட்டிப் பேசல் என்னும் பயிற்சி மாறவில்லை. நெடுவழி நடந்தவனுக்குக் கொள்கை நடக்க நடக்கவே உறுதிப்படுகிறது போலும்.

ஆயினும் இவ்விளக்கத்திற்கு அடங்காதவரும் உளர். 1964 ஜனவரி 25இல் திருச்சிராப்பள்ளி இரயில் நிலையத்தில் தீக்குளித்து உயிர்நீத்த கீழப்பழுவூர் சின்னச்சாமியை எந்தப் படையும் அழைத்துவரவில்லை. துணையால் எல்லாம் விளங்கும் என்னும் ஆய்வாளர் அவர்முன் வாய்மூடி நிற்க வேண்டியதே. அம்மரணத்தைப் பாடிய கவிதைகளோ அவருடைய தனிமையைத் தீயின் ஒளியில் மறைத்துவிடுகின்றன.

1930இல் நடந்தவர்களைக் கேட்க இனி வழியில்லை. ராஜன் 'நினைவு அலைகள்' எழுதிவைத்தார். ஏனையோருட் பெரும்பாலோர் எழுதவில்லை. 1965இல் கல்லூரி வாயிலைவிட்டு ஊர்வலத்திற்குச் சென்ற மாணவர்கள் இன்று எண்பதை ஒட்டியவர்கள். திருவரங்கத்துச் சித்திரை வீதியிலோ உறையூரிலோ திண்ணையில் அமர்ந்திருக்கும் அத்தகைய ஒருவரிடம் 'ஏன் சென்றீர்கள்?' என வினவினால், அறுபதாண்டு மேடைப் பேச்சு கேட்டுப் பழகிய விடையே வரும். அன்று காலையில் எழுப்பியவர் யார், பக்கத்தில் நடந்தவர் யார், வீட்டில் என்ன சொல்லிப் புறப்பட்டார், திரும்பியபோது கதவைத் திறந்தவர் என்ன கேட்டார் என வினவினால் அவர் சற்று நேரம் பேசாதிருப்பார். அதன் பின்னர் அவர் சொல்லத் தொடங்குவது இதுவரை எந்த மலரிலும் அச்சேறாதது.