கைக்குப் பழகிய கைங்கர்யம்

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. அங்கே கோயில் கொண்டிருக்கும் கலியுக வரதராஜப் பெருமாளைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூலவர் அங்கே கல் கம்பமாகவே நிற்கிறார் என்பதும், மங்கான் படையாட்சி என்பவரின் தொலைந்த பசு கதையும், விளைச்சலின் முதல் பங்கை உழவர்கள் கொண்டு வந்து செலுத்துவதும் எல்லோரும் கேட்டதுதான். இன்று நான் பேச வந்தது அந்தக் கூட்டத்துக்கு நடுவே தொண்டு செய்கிற இளைஞர்களைப் பற்றி. அவர்கள் மீது எனக்குப் பெரிய ஆசை உண்டு. அந்த ஆசையினால்தான் சில இடங்களில் கோபமும் வருகிறது.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்டு என்பது இப்போது ஒரு நாள் பயணமாகிவிட்டது. வேன் பிடித்து வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். முதல் வேலை பேனர் கட்டுவது, இரண்டாவது வேலை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது. மதியம் பொங்கலும் புளியோதரையும் சாப்பிட்டுவிட்டு வேன் கிளம்பிவிடும். அடுத்த வருஷம் வேறு கோயில், வேறு பேனர். வருகிற பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் வேலை தெரியாது. வேலையைக் கற்றுத் தரவும் ஆளில்லை. கற்றுக்கொள்கிற அளவுக்கு அவர்கள் அங்கே தங்குவதும் இல்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான்: ஒரே இடம், ஒரே வேலை, பல வருஷம். கைங்கர்யம் அப்படித்தான் கைக்குப் படியும்.

கோயில் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெயும் குங்குமமும் விபூதியும் வருஷக்கணக்காக அப்பி, தூணில் விரல்கனத்துக்குக் கறுத்த பிசுக்கு ஏறியிருக்கும். அதை எடுக்க இரும்புச் சுரண்டியைத் தொடவே கூடாது. மூங்கில் சிராயால் மெல்லப் பெயர்க்க வேண்டும். பிறகு சீயக்காய்த் தூளைச் சுடுநீரில் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். எந்தப் பக்கம் எழுத்து இருக்கிறது, எங்கே சின்னதாக ஒரு சிற்பம் ஒளிந்திருக்கிறது என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒரு தூணுக்கு அரை நாள் ஆகும். அவசரக்காரர்கள் ஆசிட் வாங்கி வருகிறார்கள். நம்முடைய மண் சுண்ணாம்புக்கல் மண். கல்லங்குறிச்சி என்ற பெயரையே நிலவியல் அறிஞர்கள் ஒரு பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். டைனோசர் காலத்துக் கடல் சிப்பிகள் அந்த அடுக்கில் கிடக்கின்றன. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சுண்ணாம்பின் மேல் ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும் என்று. கோயிலின் பழைய காரைப்பூச்சும் சுண்ணாம்புதானே? அது என்ன ஆகும்?

ஒரு கோயிலில் நான் என் கண்ணால் பார்த்தேன். ஊரின் பெயர் வேண்டாம். ஒரு குழு வந்து, தூண்கள் பளபளக்க வேண்டும் என்று எனாமல் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விட்டது. கல்வெட்டு இருந்த அதிட்டானத்தையும் விடவில்லை. அடுத்த முறை போனபோது ஒரு கல்லூரிப் பெண் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பெயின்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நாள் ஆகும்மா?" என்று கேட்டேன். "தெரியலைங்க ஐயா, வாரா வாரம் வர்றேன்" என்றாள். பேனரும் இல்லை, படமும் இல்லை. நான் சொல்கிற தொண்டு இதுதான்.

கோயில் தொண்டு என்றால் உழவாரத்தைத் தோளில் வைத்த அப்பர் பெருமானைத்தான் எல்லோரும் சொல்வார்கள். திருவதிகையில் அலகிட்டு மெழுகிய அவருடைய தமக்கை திலகவதியாரையும் சொல்ல வேண்டும். ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் வேறொருவர். ராமாநுஜரின் சீடர் அனந்தாழ்வான்.

ஸ்ரீரங்கத்தில் ராமாநுஜர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருமலையில் பூக்கைங்கர்யம் செய்ய யார் போவீர்கள் என்று சபையில் கேட்கிறார். அந்தக் காலத்துத் திருமலையை நினைத்துப் பாருங்கள். காடு, குளிர், விலங்குகள். கூட்டத்தில் ஒருவரும் எழவில்லை. அனந்தாழ்வான் ஒருவர் எழுந்து நின்றார். நீ ஆண்பிள்ளை என்று ஆசாரியர் மெச்ச, அனந்தாண்பிள்ளை என்றே அவருக்குப் பெயர் வந்தது. மலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. ராமாநுஜர் பெயரில் நந்தவனம் போட்டார், அதற்குத் தண்ணீர் வேண்டுமென்று ஏரி வெட்டினார். அவர் மண் வெட்டிக் கொடுக்க, பிள்ளைத்தாய்ச்சியான மனைவி கூடையில் சுமந்து கொட்டினார்.

அந்தம்மாவுக்கு உதவ ஒரு சிறுவன் வந்தான். வேண்டாம் என்றார் அனந்தாழ்வான். மறைவாக வந்து கூடையை வாங்கிச் சுமந்தான். பார்த்துவிட்டார், கையிலிருந்த கடப்பாரையை வீசினார். பையன் மோவாயில் அடிபட்டு ஓடிவிட்டான். சந்நிதிக்குப் போய்ப் பார்த்தால் பெருமாள் மோவாயில் ரத்தம். பச்சைக் கற்பூரம் வைத்து அடக்கினார்கள். இன்றைக்கும் திருமலையப்பன் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைக்கிறார்கள். அந்தக் கடப்பாரை கோயிலின் பெரிய வாசலில் தொங்குகிறது. போகிறவர்கள் வலப்பக்கச் சுவரில் கொஞ்சம் தலையை உயர்த்திப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்க்காமலே உள்ளே ஓடுகிறார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் பெருமாளின் கருணையைப் பேசுவார்கள். நான் கடப்பாரையைப் பேசுகிறேன். பகவானே வந்தாலும் என் வேலையைப் பங்கு போட மாட்டேன் என்கிற பிடிவாதம் இருக்கிறதே, அது எனக்குப் பெரிது. இன்னொரு முறை பூப்பறிக்கும்போது பாம்பு கடித்துவிடுகிறது. வைத்தியம் பார்க்கப் போகவில்லை, பூவைத் தொடுத்துக் கொண்டுபோய்ச் சார்த்துகிறார். விஷம் ஏறிய உடம்போடு மாலை கட்டியவர் அவர். விஷக்கடிக்கு மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள், அது வேறு. நான் சொல்வது அவர் தன் வேலையை விடாத உறுதியை. ஒரே இடம், ஒரே வேலை, ஆயுள் முழுக்க.

அரசாங்கத் திட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஒரு மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் முகாமும் உண்டு. அந்த 240 மணி நேரத்தையும் ஒரே கோயிலில், ஒரே வேலையில் கொடுத்தால் ஒரு பிள்ளை எவ்வளவு கற்றுக்கொள்ளும்! அது சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துத் திருப்பித் தருவதே தனிச் சேவை. படித்தவர்கள், பணக்காரர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். நம் பக்கத்தில் செருப்பு வைக்கிற இடத்தில் நிற்க எத்தனை பிள்ளைகள் முன்வருகிறார்கள்?

கல்லங்குறிச்சியில் எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. தலையில் தானிய மூட்டையோடு வருகிற பெரியவரிடம் அதை இறக்கி வாங்குவது. இரண்டு கையாலும் வாங்க வேண்டும். தரையில் தொப்பென்று போடக்கூடாது, அது அவர் வயலின் முதல் மணி. கம்பைச் சோளத்தோடு கலக்கக்கூடாது. சாக்கை அவிழ்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். மழை வந்ததோ, மகளுக்குக் கல்யாணம் கூடியதோ. அதைக் காது கொடுத்துக் கேட்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். பழகிய கை வாங்கினால் பெரியவர் கண்ணிலேயே தெரியும்.

ஒன்று கவனம். கங்கைகொண்ட சோழபுரம் போன்ற இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே யாரும் தாமாகப் போய்த் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. அறநிலையத் துறைக் கோயில் என்றாலும் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் துடைப்பத்தைத் தொட வேண்டும்.

இளைஞர்களே, ராமநவமியில் தொடங்கி நடக்கும் பெருவிழாவுக்கும் புரட்டாசிக்கும் கல்லங்குறிச்சிக்கு வாருங்கள். ஆனால் கூட்டம் சேர்ந்த அன்று காலையில் வராதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே வந்து, கோயிலில் விசாரித்து, எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆட்களில் யாராவது ஒருவரோடு நின்று பழகுங்கள். அடுத்த வருஷமும் அதே வேலைக்கே வாருங்கள். அதற்கடுத்த வருஷமும் வாருங்கள். டி-ஷர்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் தேங்காய் நாரும் சீயக்காயும் வாங்கி வந்தால் போதும்.