கொழுந்து பறித்த கைக்குப் பின்னால் ஒரு கை

(தொலைக்காட்சி அரங்கம். தலைப்பு: ‘பட்டம் வாங்கியதும் கிடைத்த வேலையா, போட்டி நிறைந்த பயிற்சியா?’ ‘பயிற்சியே’ என்ற அணியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கேமரன் மலைக்குப் போகாதவர்கள் இந்த அரங்கில் குறைவு. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறோம். ரிங்லெட் தாண்டி, தானா ராத்தாவில் இறங்கி, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, தேயிலைச் சரிவைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். படத்தில் பச்சை தெரியும். அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கும் லயத்து வீடு தெரியாது.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்ததில் தமிழர் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிப் பல்கலைக்கழகம் போகிறார்கள். நல்லது. பட்டத்தோடு மலையேறித் திரும்பி வரும் அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம்? அதுதான் இன்றைய கேள்வி.

அப்படி ஒரு பெண்ணை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். பெயர் வேண்டாம், உங்கள் வீட்டுப் பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு. தானா ராத்தா சுல்தான் அகமது ஷா இடைநிலைப்பள்ளி. எஸ்.டி.பி.எம். பிறகு பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல். தலைக்கு மேல் பி.டி.பி.டி.என். கடன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள்:

“அம்மா, எம்பிரியாலஜி பயிற்சிக்கு விண்ணப்பம் போடப் போறேன்.”

“அது டாக்டர் வேலையா?”

“இல்லம்மா.”

“அப்ப நர்ஸா?”

“அதுவும் இல்லம்மா.”

“பின்ன என்னதான் வேலை அது?”

சிரிக்கிறீர்கள். அந்தத் தாய் கேட்டதுதான் சரியான கேள்வி. பட்டதாரிகளில் பலரே அதைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள்.

டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை

குழந்தை வேண்டி ஒரு தம்பதி ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் போகிறார்கள். பெண்ணின் கருமுட்டையை எடுத்துக் கொடுப்பது டாக்டர். எடுத்த நிமிடத்திலிருந்து அது யார் பொறுப்பு? கருவியல் வல்லுநர் பொறுப்பு.

முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதைத் தேடி எடுக்க வேண்டும். விந்தணுவோடு சேர்க்க வேண்டும். தானாகச் சேராது என்றால், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்த வேண்டும். பெல்ஜியத்தில் உருவாகி 1992-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை அது. 16 முதல் 18 மணி நேரம் கழித்துக் கருவுற்றதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் சுமார் எட்டு செல். ஐந்தாம் நாள் கருக்கோளம். அதுவரை 37 டிகிரி சூடு, சரியான வாயு அளவு, வெளிச்சத்திலிருந்து பாதுகாப்பு. அந்த அறைக்குள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு நுழையக்கூடாது. மிஞ்சிய கருவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காக்க வேண்டும்.

தோட்டத்து நாற்றங்காலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒற்றை இலையும் ஒரு கணுவுமாக வெட்டி நட்ட துண்டு, நிழலும் ஈரமும் சரியாக இருந்தால்தான் வேர் பிடிக்கும். ஆனால், நாற்று பட்டுப்போனால் இன்னொன்று நடலாம். ஆய்வகத்துத் தட்டில் இருப்பது ஒரு தம்பதிக்குக் கடைசி முட்டையாகவும் இருக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறு தடைப்படும் நிலையைச் சந்திக்கிறார். அந்த ஆறில் ஒருவர் நம் தெருவிலும் இருக்கிறார். வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தேர்ச்சி மட்டும் பெற்ற மாணவர்

“இவ்வளவு பெரிய வேலைக்கு லயத்துப் பிள்ளையை எடுப்பார்களா?” என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான பயம். இந்தத் துறையைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்ப்போம்.

ராபர்ட் எட்வர்ட்ஸ். 1925-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பாங்கர் பல்கலைக்கழகத்தில் விவசாயம் சேர்ந்து, விலங்கியலுக்கு மாறி, 1951-இல் பட்டம் வாங்கினார். எப்படிப்பட்ட பட்டம்? சிறப்புத் தகுதி எதுவும் இல்லாத வெறும் தேர்ச்சி. அதை வைத்துக்கொண்டு எடின்பரோவில் விலங்கு மரபியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. அவருடைய உழைப்பில் 1978 ஜூலை 25-இல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை! 2010-இல் அவருக்கு நோபல் பரிசு.

அவரோடு இருந்தவர் ஜீன் பர்டி. படிப்பால் நர்ஸ். 1968-இல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜுக்கும் ஓல்டமுக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். லூயிஸாகப் பிறக்கப்போகும் கரு பிரிவதை நுண்ணோக்கியில் முதலில் பார்த்த கண்கள் அவருடையவை என்கிறார்கள். உலகின் முதல் கருவியல் வல்லுநர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1985-இல் 39 வயதில் மறைந்தார். நினைவுப் பலகையில் அவர் பெயரும் வரவேண்டும் என்று எட்வர்ட்ஸ் கேட்டும் அன்று சேர்க்கவில்லை. 2015-இல்தான் அவர் பெயரோடு பலகை வைத்தார்கள்.

நர்ஸாகப் படித்தவர் ஒருவர், தேர்ச்சி மட்டும் பெற்றவர் ஒருவர். இவர்களுக்குத் திறந்த கதவு நம் பிள்ளைக்கு மூடியே இருக்கும் என்று நாமே முடிவு கட்டலாமா?

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

ஆசை மட்டும் போதாது என்பதும் உண்மை. பிரிட்டனில் அரசுச் சுகாதாரச் சேவையின் அறிவியலாளர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு, சம்பளத்தோடு பயிற்சி, கூடவே முதுகலைப் பட்டம். அதில் இனப்பெருக்க அறிவியலும் ஒரு பிரிவு. ஆண்டுக்கு ஒரு சில இடங்களே. விண்ணப்பிப்போர் அதைப்போல் பல மடங்கு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வேலை அனுமதி, விசா விதிகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் விதியைப் படிக்கக்கூடாது.

இந்தியாவில் மணிப்பால் போன்ற இடங்களில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. 2021-இல் இயற்றிய சட்டப்படி, சிகிச்சை மையத்தில் கருவியல் வல்லுநராக இருக்க உரிய முதுகலைப் படிப்பு அல்லது முழுநேரப் பயிற்சி, அதற்கு மேல் ஆய்வக அனுபவம் என்றெல்லாம் தகுதி கேட்கிறார்கள். ‘ஒரு மாதத்தில் எம்பிரியாலஜிஸ்ட் ஆகலாம்’ என்று விளம்பரம் வந்தால் பெற்றோர்களே, பர்ஸை மூடுங்கள்!

“சிறு வயதிலிருந்தே குழந்தைகள் என்றால் உயிர்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தேர்வுக்குழு அதைத் தேடுவதில்லை. என்ன செய்தாய் என்று பார்க்கிறது. ஒரு மையத்துக்குக் கடிதம் எழுதி, அனுமதி பெற்று, இரண்டு நாள் ஓரமாக நின்று வேலையைப் பார்த்தாயா? விந்துப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை கற்றாயா? இறுதியாண்டு ஆய்வில் என்ன தவறு நடந்தது, எப்படித் திருத்தினாய்? இவற்றை நாலு வரியில் நேர்மையாக எழுதினால் போதும்.

நேர்காணலில் கேட்கும் கேள்வி இப்படி இருக்கலாம்: “தட்டில் ஒட்டிய பெயரும் கோப்பில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. மூத்தவர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வாய்?” நம் பிள்ளைகளைப் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்திருக்கிறோம். இங்கே பேசத்தான் வேண்டும். கையை நிறுத்தி, “சரிபார்க்காமல் தொடமாட்டேன்” என்று மரியாதையோடு சொல்லத் தெரிந்தவர்தான் அந்த வேலைக்கு ஏற்றவர். ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொருவர் சாட்சியாக நின்று பெயரைச் சரிபார்க்கும் வழக்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

ஒரு பதிவேட்டின் விலை

ஒரு சோகத்தையும் சொல்ல வேண்டும். 1978 அக்டோபர் 3-இல், லூயிஸ் பிறந்த 70-ஆம் நாள், கல்கத்தாவில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. அதைச் சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. ஜப்பானில் போய் விளக்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவத் துறைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6-இல் மும்பையில் ஹர்ஷா பிறந்தாள். டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமாரும் ‘இந்தியாவின் முதல்’ என்ற பெருமையைப் பெற்றார்கள். 1997-இல் முகர்ஜியின் குறிப்புகள் ஆனந்த குமார் கைக்கு வந்தன. படித்தார். ‘முதல்வர் முகர்ஜிதான்’ என்று தாமே எழுதி வெளியிட்டார். தம் தலையிலிருந்த கிரீடத்தைத் தாமே இறக்கி வைத்தார்! உயிரோடு இருந்தபோது நாட்டார் கொடுக்காத நியாயத்தை, அவர் எழுதி வைத்த தாள்கள் 16 ஆண்டு கழித்து வாங்கிக் கொடுத்தன.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளே, செய்ததை அன்றன்றே எழுதி வையுங்கள். ஐரோப்பியச் சங்கம் 2008 முதல் கருவியல் வல்லுநர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. அதற்கும் பணிப்பதிவேடு கேட்கிறார்கள். பதிவேட்டில் தோல்வியும் இருக்கட்டும். தோல்வியை மறைக்கும் கை அந்த அறைக்கு ஆகாது.

காசும் கூச்சமும்

“கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான், இவள் காத்திருந்தால் சோறு யார் போடுவது?” இதுதான் எதிரணியின் பலமான வாதம். ஒப்புக்கொள்ள வேண்டிய வாதமும்கூட. ஆனால், காத்திருப்பது என்றால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதா? ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேரட்டும். சம்பளம் வரும். கடன் தவணை கட்டலாம். கைப்பழக்கமும் வரும். அடுத்த விண்ணப்பத்தில் எழுத நாலு வரியும் கிடைக்கும். எத்தனை முறை போடலாம் என்று வீட்டில் பேசிவையுங்கள். இரண்டு முறை, மூன்று முறை என்று எல்லை வையுங்கள். இந்த முறை இல்லை என்று கடிதம் வந்தால், எதில் குறை என்று கேட்டு எழுதுங்கள்.

கூச்சம்தான் காசைவிடப் பெரிய தடை. “பெண்பிள்ளை இந்த வேலைக்கா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது?” என்று உறவினர் கேட்பார்கள். குழந்தை இல்லாத மருமகளுக்கு நம் மொழியில் ஒரு கொடிய சொல் இருக்கிறது. அதை இங்கே சொல்ல வேண்டாம். குழந்தைப்பேறு தடைப்படுவதில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவ உண்மை. அந்த ஆணுக்குச் சூட்ட நம்மிடம் அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறதா? அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கூனிப்போன ஒரு பெண்ணின் மடியில் பிள்ளை தவழ உதவுகிற வேலைக்கா கூச்சப்பட வேண்டும்?

எல்லோருக்கும் குழந்தை கிடைத்துவிடாது. பலருக்குத் தோல்விதான் வரும். அந்தச் செய்தியையும் பொய் கலக்காமல் தயாரித்துக் கொடுப்பது அதே வல்லுநரின் கடமை.

அந்தத் தாய் கேட்டாரே, “பின்ன என்னதான் வேலை அது?” என்று. மகள் இப்படிப் பதில் சொல்லட்டும்: “நீ மழையிலயும் பனியிலயும் நின்னு இலை முத்தாம, மொட்டு கசங்காமப் பறிச்சியே, அதே மாதிரி கை நடுங்காமச் செய்ற வேலைம்மா.” அந்தத் தாய்க்குப் புரியும். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் அவரே கேட்பார்.

வேலை அடுத்த மாதமும் கிடைக்கும். பயிற்சிக்கான கதவு ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும். திறக்கிற நாளில் நம் பிள்ளை வாசலில் நிற்க வேண்டாமா? தீர்ப்பை நடுவரிடமே விட்டுவிடுவோம்.